கறுத்தக் கேலைத் தலை முறிச்சது ஆர்

வெட்டேல்லை, முறிச்சிருக்கிறான். இந்த ரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளெண்டு என்னை நினைச்சுப்போட்டினம் போல. எழுபத்திமூண்டு வயசு, அஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடம் முடிஞ்சுது, இங்கிலீசிலை என்ர பேரை மட்டும் எழுதுவன், நாகமுத்து எண்டு, அதையும் வங்கியிலை நிக்கிற பெட்டை ரண்டு தரம் பாத்துத்தான் வாசிப்பாள். ஆனால் ஒரு தண்டைக் காட்டுங்கோ, அதுக்கு என்ன நடந்தது, செய்தது மிருகமோ மனிசனோ எண்டு நான் சொல்லுவன். கறுத்தக் கேல் கீரை ரண்டு, குளிர்காலம் முழுக்க வெளியிலை நிண்டு தப்பினது, வைகாசியிலை என்ர நெஞ்சுயரத்துக்கு எழும்பிப் பூக்கத் தொடங்கினது, அதிலை வேலிப்பக்கம் நிக்கிறதின்ர தலையெல்லாம் போச்சு. நடுத்தலையும் போச்சு, பக்கத்தாலை கிளம்பின கிளை அஞ்சும் போச்சு. மொட்டைத் தண்டு நிக்குது. காலமை ஏழு மணிக்குத் தேத்தண்ணியோடை பின்வளவுக்கு இறங்கின நான் கண்டது இதைத்தான். தேத்தண்ணி கோப்பைக்குள்ளையே ஆறிப்போச்சு. திரும்பி வீட்டுக்குள்ளை போனால் மருமோன் நிமலன் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறார். சனிக்கிழமையிலும் லிஃப்ட் பழுதாகும், அவர்தான் போய்த் திருத்தவேணும். நான் கேட்டன், "நீரோ அந்தப் பூவை முறிச்சனீர்?" "எந்தப் பூ மாமா?" எந்தப் பூவாம்! "போன கிழமை ரெலிபோனைக் கொண்டுவந்து காட்டினீரெல்லே, கேல் மொட்டை உள்ளியோடை வதக்கித் தின்னலாமெண்டு? திண்டாச்சோ? ருசியோ?" "மாமா, நான் தொடேல்லை." "தொடாமல் அது தன்ர பாட்டிலை கழண்டு விழுந்ததோ? களவெடுத்துத் திண்டுபோட்டு முகத்துக்கு நேரை பொய்யும் சொல்லுறீர்." அந்த நேரம்தான் மகள் வதனி மாடிப்படியிலை இருந்து சத்தம் போட்டாள், "அப்பா! களவெண்டு சொல்லாதேங்கோ. இது அவற்ற வீடு." அவற்ற வீடாம். வீட்டைப் பற்றி ஆர் கதைச்சது? நான் கேலைப் பற்றிக் கதைச்சன். வீடு அவற்றதெண்டால் வீட்டுக்குப் பின்னாலை முளைக்கிறதும் அவற்றதோ? புல்லு முளைச்ச களிமண்ணைக் கொத்திப் பிரட்டி, காய்ஞ்ச இலையைத் தாட்டு, மண்புழு வாற மண்ணாக்கினது ஆர்? மருமோன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். தலையைக் குனிஞ்சு மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு போயிட்டார். சாப்பாட்டுப் பை மேசையிலையே கிடக்கு. வதனியும் மருந்துக்கடை வேலைக்கு வெளிக்கிட்டவள் கதவடியிலை நிண்டு, "அவர் திரும்பி வரேக்கை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேணும் அப்பா. எத்தினை நாளைக்கு உங்கள் ரண்டு பேருக்கும் நடுவிலை நான் நிக்கிறது?" எண்டு சொல்லிப்போட்டுப் போறாள். நான் சொல்லவேணுமாம். தலையை முறிச்சவன் பேசாமல் இருப்பான், பறிகுடுத்தவன் போய்ச் சமாதானம் சொல்லவேணும். நல்ல நியாயம். நான் ஒரு வாளியைக் கவிட்டு மற்றக் கேலுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டிருக்கிறன். இதையும் முறிக்க வரட்டும் பாப்பம். இதுவும் போனால் எல்லாம் போச்சு.

எட்டு வருசம். ஒரு கீரைக்கு எட்டு வருசமோ எண்டு சிரிக்கிறவை இருக்கினம், சிரிக்கட்டும். நாங்கள் கனடாவுக்கு வந்த புதிசிலை என்ர மனிசி தவமணிக்கு வறை செய்ய முருங்கையிலை ஆப்பிடாது. கடையிலை கிடக்கிறது கறுத்து வாடிப் பழைய தேயிலை மாதிரி இருக்கும். ஆரோ சொல்லிச்சினம், கேலை அரிஞ்சு வறை செய்தால் முருங்கையிலை மாதிரியே இருக்குமெண்டு. பச்சைப் பொய். முருங்கையிலை மாதிரி ஒண்டும் இல்லை, கேல் மாதிரித்தான் இருக்கும், ஆனால் அதுவும் நல்லாத்தான் இருந்துது. அப்ப வைப்பம் எண்டு முதல் வருசம் பச்சைச் சுருட்டைக் கேல் வைச்சன். பாக்க வடிவு. அந்தச் சுருளுக்குள்ளை சாம்பல் பூச்சி குடியேறிப் பிள்ளையும் பெத்துப் பேரப்பிள்ளையும் கண்டிட்டுது. தவமணி உப்புத்தண்ணியிலை மூண்டு தரம் ஊறவைச்சு அலசினாள், நாலாந்தரமும் பூச்சி மிதக்குது. "இஞ்சேருங்கோ, இது மரக்கறியோ மச்சமோ?" எண்டு கேட்டாள், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையிலை. அடுத்த வருசம் சிவப்புத் தண்டு, பைக்கற்றிலை ரஷ்யாக் கேல் எண்டு எழுதியிருந்ததை வதனி வாசிச்சுச் சொன்னவள். அது குளிருக்குப் பயப்பிடாத சாதி, ஸ்னோவுக்குக் கீழை நாலு மாசம் கிடந்துபோட்டு ஒண்டும் நடக்காத மாதிரி எழும்பி வரும். ஆனால் சட்டியிலை போட்டால் கூழ். வறையெண்டால் இலை தேங்காய்ப்பூவோடை உதிரி உதிரியா நிக்கவேணுமெல்லோ, கரண்டியாலை வழிச்சு எடுக்கிறதே? பிறகு வதனி ஆசைப்பட்டு ஊதா நிறத்திலை ஒண்டு வாங்கியந்தாள், ரோசாப்பூ மாதிரி விரிஞ்சது. நானும் நல்ல சாதியெண்டு பசளை போட்டு வளத்து அரிஞ்சு வறை செய்விச்சுத் திண்டால் வேப்பங்கொழுந்து தோத்துப்போகும். பிறகுதான் சொல்லுறாள், அது முன்வாசலிலை அழகுக்கு வைக்கிறதாம். அழகுக்குக் கீரை வைக்கிற ஊரை நான் இஞ்சைதான் கண்டன். காலமையிலை பச்சைக் கேலையும் வாழைப்பழத்தையும் மிசினிலை அடிச்சுக் குடிக்கிற ஊரும் இதுதான். மாடு குடிக்காது அதை. என்ர மகள் குடிக்கிறாள், குடிச்சுப்போட்டு மேலுதட்டிலை பச்சை மீசையோடை வேலைக்குப் போறாள்.

கறுத்தது வந்தது அதுக்குப் பிறகுதான். நீட்டு இலை, முதலைத் தோல் மாதிரிச் சொரசொரப்பு, சுருள் கிடையாது, பூச்சிக்கு ஒளிக்க இடமில்லை. நாலு இலையைச் சேத்துச் சுருட்டி அரிஞ்சால் நூல் மாதிரி விழும், சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளிச்சுத் தேங்காய்ப்பூப் போட்டு இறக்கினால் ஒண்டோடை ஒண்டு ஒட்டாது. முதல் தரம் திண்டபோது தவமணி வாய் திறக்கேல்லை, திரும்பவும் போட்டுத் திண்டாள், அதுதான் அவளின்ர மெச்சல். ஒரேயொரு குறை, அது இந்தக் குளிரைத் தாங்காது. பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவன் வித்தோரியோவும் அதைத்தான் வைக்கிறவன், தையிலை செத்துப்போகுமெண்டு விரலைக் கழுத்துக்குக் குறுக்காலை இழுத்துக் காட்டினவன். ஏன் சாகவேணும்? எல்லாம் ஒரே மாதிரிச் சாகிறதில்லை, இருபது கண்டு வைச்சால் அதிலை ஒண்டு பிடிவாதக்காரனாய் இருக்கும், அந்தப் பிடிவாதக்காரனைக் கண்டுபிடிச்சு அதிலை விதை எடுக்கவேணும் எண்டு நான் நினைச்சன். மூடி மறைக்காமல் வெளியிலை விட்டன். அடுத்தடுத்து ரண்டு குளிருக்கு எல்லாம் செத்துது. மூண்டாம் குளிரிலை ஒண்டு தப்பிச்சுது, பூத்துது, எனக்கு நித்திரையில்லை, காய் பிடிச்சுது, உடைச்சுப் பாத்தால் உள்ளுக்கு ஒண்டுமில்லை, கோது. தனிய நிண்டால் விதை பிடிக்காது, துணைக்கு இன்னொண்டு பூக்கவேணும். அது தெரியாமல் ஒரு வருசம் போச்சு. போன குளிர் என்ன குளிர், மூக்குமயிர் உறைஞ்ச குளிர், அதுக்குள்ளை இருபத்திநாலிலை ரண்டு தப்பிச்சுது. ரண்டு! பங்குனிக் கடைசியிலை ஸ்னோ கரைய, கறுத்த தண்டு ரண்டிலையும் குருத்துக் கண்டன், வித்தோரியோவைக் கூப்பிட்டு வேலிக்கு மேலாலை காட்டினன், அவன் தொப்பியைக் கழட்டினான். அப்பிடி நிண்ட ரண்டிலை ஒண்டின்ர தலையைத்தான் என்ர மருமோன் உள்ளியோடை வதக்கியிருக்கிறார். இந்தாலை ஒரு மஞ்சள் இலை, சத்தை வீணா இழுக்குது, கிள்ளி எடுத்தன். வெள்ளை வண்ணாத்திப்பூச்சி முட்டை வைச்சிருக்கு, அதையும் நசிச்சுப்போட்டன். ஆர் இதெல்லாம் பாக்கிறது இந்த வீட்டிலை? அவற்ற வீட்டிலை.

சரி, அவரில்லை எண்டு வைப்பம். அப்ப ஆர்? முயலெண்டால் கத்தியாலை சீவின மாதிரிச் சரிவா வெட்டும், அதோடை இந்த உயரத்துக்கு எட்டாது. அணில் தலையைக் கடிச்சுத் துப்பிப்போட்டுப் போகும், கீழை துண்டு கிடக்கும், ஒரு துண்டும் கிடக்கேல்லை. மான் எண்டால் பிய்க்கும், நார் தொங்கும். வித்தோரியோ? அவனுக்கு எரிச்சல் இருக்கலாம், நாப்பது வருசமா இஞ்சை வைச்சும் அவன்ர ஒண்டும் குளிருக்குத் தப்பேல்லை. ஆனால் அவன் எதையும் வளைஞ்ச கத்தியாலைதான் வெட்டுவான், வெட்டுவாய் தட்டையா இருக்கும். இது அப்பிடியில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பாத்தன். தண்டிலை ஒரு பக்கம் பிறை மாதிரி ஒரு பதிவு, பெருவிரல் நகம். நகத்தை அழுத்தி, வெளிப்பக்கமாக ஒரு சுண்டு. தோல் கீழாலை உரியேல்லை, தண்டு பிளக்கேல்லை, சாறுகூட வழியேல்லை. நடுத்தலையை முதல் எடுத்து, பிறகு விரல் நீளத்திலை நிண்ட பக்கக் கிளையளை, இலைக்கும் தண்டுக்கும் நடுவிலை விரலை விட்டு ஒவ்வொண்டாத் துப்புரவா எடுத்திருக்கிறான். கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், வேலை வேலைதான். செய்தவன் தொழில் தெரிஞ்சவன். சும்மா பொடியள் இப்பிடி முறிக்க மாட்டினம். ஐயா உயிரோடை இருந்து இந்தத் தண்டைப் பாத்திருந்தால் குறை சொல்லாமல் போயிருப்பார், என்ர அப்பா குறை சொல்லாமல் போறதெண்டால் சும்மா இல்லை. ஊரிலை, புன்னாலைக்கட்டுவனிலை, எங்களுக்குப் புகையிலை ஆயிரம் கண்டு. புகையிலை பூக்கக்கூடாது, பூத்தால் சத்தெல்லாம் பூவுக்குப் போய் இலை கடதாசியாப் போகும். மொட்டுத் தெரிஞ்ச அண்டைக்கே தலை முறிக்கவேணும், பிறகு பக்கத்தாலை வாறதை எல்லாம் கிள்ளவேணும். எனக்கு ஒன்பது வயசு, முறிச்சு முறிச்சுக் கை கறுத்துப் பிசின் பிடிச்சு, சோத்தைக் குழைச்சால் சோறு கசக்கும். ஒரு கண்டிலை ஒரு பூ தவறினால் குட்டு, அதுவும் மடக்கின விரல் மொழியாலை குட்டு. ஒருக்கா இலை பாக்க வந்த முதலாளி மூலையிலை நாலு பூவைக் கண்டிட்டு, "என்ன கந்தையா, தோட்டத்திலை கலியாண வீடோ? பூச்சோடிச்சிருக்கிறாய்" எண்டு கேட்டுப்போட்டார். அண்டைக்கு ஐயா எனக்கு அடிச்ச அடி இண்டைக்கும் முதுகிலை கிடக்கு. நாலு பூவுக்கு! எந்த வளவிலை தண்டு நுனியிலை ஒரு பூவைக் கண்டாலும் என்ர முதுகு இண்டைக்கும் ஒருக்காச் சிலிர்க்கும். உது என்ன நியாயமெண்டு செத்தவரிட்டைப் போய்க் கேக்கேலுமோ. விடுவம், நான் மருமோனின்ர கதைக்கு வாறன்.

மருமோனின்ர பெருவிரல். இது ஏன் இப்ப எனக்கு ஞாபகம் வருது? ரண்டு வருசத்துக்கு முன்னம் லிஃப்ட் கதவுக்குள்ளை வலதுகைப் பெருவிரல் அம்பிட்டு, ஆசுப்பத்திரியாலை பெரிய துணிப்பந்தோடை வந்தவர். நகம் விழுந்தது விழுந்ததுதான், பிறகு முளைக்கவேயில்லை, அந்த விரல் நுனி குழந்தைப்பிள்ளையின்ர குதிக்கால் மாதிரிக் கிடக்கும். சட்டைப் பொத்தான் போடவே கஷ்டப்படுவார். நகமில்லாத விரலாலை நகப்பதிவு எப்பிடி வரும்? இடக்கை, இடக்கையாலை முறிச்சிருக்கலாம். கேட்டால் நான் தொடேல்லை எண்டு சொல்லத்தானே செய்வினம். ஆனால் மனிசன் பொய் சொல்லி நான் கண்டதில்லை, ரண்டு வருசத்துக்கு முன்னம் நான் முளைக்கவிட்ட கரட்டை எல்லாம் புல்லெண்டு நினைச்சு மிசினாலை வெட்டிப்போட்டு, நான் கேக்க முதலே வந்து, "மாமா, ஒரு பிழை விட்டிட்டன்" எண்டு சொன்னவர். அப்பிடிப்பட்டவர் இதுக்கு ஏன் பொய் சொல்லவேணும்? ஏனெண்டால், ஏனெண்டால் எனக்குத் தெரியேல்லை. அப்ப தவமணியோ? அவள் பூவிலை கைவைக்க மாட்டாள், அவளுக்கு இலைதான் கணக்கு. வதனியின்ர நகத்திலை சாயம், அது உடைஞ்சால் அழுவாள். வேறை ஆர் வாறது இந்த வளவுக்குள்ளை, எல்லாரையும் சொல்லியாச்சு. இப்பிடி முறிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் இந்தத் தெருவிலை, இந்தப் பட்டினத்திலை எங்கை இருக்கிறான்? முதியோர் சங்கத்திலை சங்கரப்பிள்ளை இருந்தவர், உரும்பிராயிலை தோட்டஞ் செய்தவர், ஆனால் அவர் சப்பாத்தைப் பிறிட்ஜுக்குள்ளை வைச்சிட்டு ஊர் முழுக்கச் சப்பாத்துத் தேடினாப் பிறகு அவரைக் கொண்டுபோய் ஒரு இல்லத்திலை விட்டிட்டினம், பாவம், மகனைப் பாத்து நீர் ஆர் தம்பி எண்டு கேக்கிறாராம். எனக்கு அப்பிடி ஒண்டுமில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எந்தக் குளிரிலை எத்தினை கண்டு செத்ததெண்டு சொல்லுவன், சொல்லிப்போட்டன்தானே. இந்த வெயில் ஏறுது, வாளி குண்டியை வெட்டுது. அவற்ற வீடாம், அந்தச் சொல்லுத்தான் போகுதில்லை, மீன்முள்ளு மாதிரிக் குரல்வளையிலை நிக்குது. நான் அவரிட்டை மன்னிப்பும் கேக்கமாட்டன் ஒண்டும் கேக்கமாட்டன், மாமன் மருமோனிட்டை மன்னிப்புக் கேட்ட கதையை ஆரும் கேள்விப்பட்டிருக்கிறியளோ, வேணுமெண்டால் நாளைக்கே வேறை இடம் பாத்துக்கொண்டு போறன், போகேக்கை மண்ணையும் அள்ளிக்கொண்டு போறன், பாப்பம் அவற்ற வீட்டிலை என்ன முளைக்குதெண்டு.

"இஞ்சேருங்கோ, கையிலை என்ன?" தவமணி. தேத்தண்ணிக் கோப்பையோடை எப்ப வந்து நிண்டாளோ தெரியாது. "என்ன கையிலை? ஒண்டுமில்லை." "விரிச்சுப் பாருங்கோ." நான் விரிச்சன். உள்ளங்கையிலை ஒரு மொட்டுக்கொத்து, பச்சை, அதிலை ரண்டு மஞ்சள் பூ விரிஞ்சு கிடக்கு. இலை எண்டுதான் நான், மஞ்சள் இலை ஒண்டைத்தானே நான். நிமிந்து பாத்தன். எனக்கு முன்னாலை, மூக்குக்கு நேரை, நான் காவலிருந்த கேலின்ர நடுத்தலை இல்லை. பிறை மாதிரி ஒரு பதிவு. தோல் உரியேல்லை. என்ர பெருவிரல் நகத்துக்குள்ளை பச்சை. சங்கரப்பிள்ளையின்ர சப்பாத்துத்தான் கண்ணுக்கு முன்னாலை வந்துது. "தவமணி, எனக்குத் தெரியாது. கை செய்தது எனக்குத் தெரியாது. என்னையும் கொண்டுபோய் விடப்போறினமோ?" "விசர்க்கதை கதையாதேங்கோ. நேற்றுப் பின்னேரம் குசினி யன்னலாலை பாத்தனான், நிண்டு முறிச்சுக்கொண்டு நிண்டியள். வதனியின்ர வீட்டுக் கடனைப் பற்றி வாய்க்குள்ளை புறுபுறுத்துக்கொண்டு. அந்த மொட்டெல்லாம் வேலிக்கு அங்காலை எறிஞ்சியள்." "கண்டனியோ? கண்டிட்டுப் பேசாமல் இருந்தனியோ?" "தோட்டக்காரர், தெரிஞ்சுதானே செய்யிறார் எண்டு நினைச்சன்." "காலமை நான் அந்தப் பொடியனைக் கிழிச்சபோதெண்டாலும் சொல்லியிருக்கலாமெல்லே!" "நீங்கள் கத்தின கத்தலுக்குள்ளை ஆர் வாய் திறக்கிறது? நான் இஞ்சேருங்கோ எண்டு மூண்டு தரம் கூப்பிட்டன். பொம்பிளையள் குறுக்கை கதைக்காதேங்கோ எண்டு சொன்னியள்." சொன்னன்தான். எனக்கு அவளிலைதான் கோபம் வந்துது. பிறகு ஐயாவிலை வந்துது, அந்த முதலாளியிலை வந்துது. கடைசியா இந்தக் கையிலை வந்துது, அறுபத்திநாலு வருசமா ஒருத்தன் சொன்னதையே செய்துகொண்டு கிடக்கிற இந்த மாட்டுக் கையிலை. இஞ்சை புகையிலையும் இல்லை, ஐயாவும் இல்லை, குட்டவும் ஆளில்லை, பூக்க விடடா எண்டு எட்டு வருசமா நான் மன்றாடுறன், அது என்னைக் கேக்கேல்லை. தவமணி குனிஞ்சு பாத்தாள். "இதிலை பக்கத்தாலை மூண்டு கிளை கிடக்கு. மற்றதிலையும் அடியிலை அரிசி மாதிரி ஒண்டு வருது." கிடந்துது. மொட்டைத் தண்டின்ர அடி இலைக்குப் பக்கத்திலை, நகத்துக்கு எட்டாத சின்னதாய் ஒரு குருத்து. நான் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு பாத்தன். ரண்டும் ஒரே நேரத்திலை பூக்கவேணும், பூக்குமோ, அந்தக் குருத்துப் பூக்க ஒரு மாசம் செல்லும், அந்த ஒரு மாசமும் இந்தக் கையும் இருக்கு. "ரெலிபோன் எடுத்துத் தரட்டோ? அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்" எண்டாள். "ரெலிபோனிலை சொல்லுற கதையோ இது" எண்டு அவளிலை விழுந்தன்.

மருமோன் மூண்டு மணிக்கு வந்தார். வீட்டுக்குள்ளை போகேல்லை, வேலைச் சட்டையோடை பக்க வாசலாலை நேரை பின்வளவுக்கு வந்தார், தோளிலை சுருட்டின கம்பிவலை ஒண்டும் கையிலை நாலு மரத்தடியும். சாப்பிடேல்லை எண்டு முகத்திலை தெரிஞ்சுது. நான் வாளியிலை இருந்து எழும்பினன். "மாமா, ஆர் முறிச்சதெண்டு தெரியாது" எண்டார், மெல்லமாத்தான் சொன்னார், "மற்றதாவது தப்பட்டும். இதைச் சுத்தி நெஞ்சுயரத்துக்குக் கட்டிவிடுவம், ஒருத்தரும் எட்டேலாது." தடியைக் கீழை வைச்சவர் அப்பதான் நடுத்தலை இல்லாததைக் கண்டார். "இதையுமோ?" எண்டு என்னைப் பாத்தார். அவருக்குக் கோபம் வந்திட்டுது, என்ர கேலுக்காக அவருக்கு வந்த கோபம், காலமை தனக்காக வராத கோபம். நாலு வார்த்தை யோசிச்சு வைச்சிருந்தனான், அதை விட்டிட்டன். நான் சொன்னன், "கட்டும் தம்பி. நல்லா இறுக்கிக் கட்டும். என்னை வெளியிலை விட்டிட்டுக் கட்டும்." அவர் விளங்காமல் நிண்டார். நான் வலது கையைத் தூக்கிப் பெருவிரல் நகத்தை அவருக்குக் காட்டினன். அவர் நகத்தைப் பாத்தார், தண்டைப் பாத்தார், திரும்பவும் நகத்தைப் பாத்தார். உதடு ஒரு பக்கமா இழுத்துது. "சிரிக்காதையும்" எண்டன். "இல்லை மாமா" எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சார். பிறகு குந்தியிருந்து வலையை விரிச்சு, ஒரு தலைப்பை என்னட்டை நீட்டினார், "இதைப் பிடியுங்கோ" எண்டு. நான் இடக்கையாலை பிடிச்சன்.